மூத்தவளின் தொப்புள்கொடி

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது எங்கள் மூத்த மகள் பிறந்தாள். நாற்பத்து மூன்று நாள் இருந்தாள். அவள் போய் ஒன்றரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அது புரிய வேண்டுமென்றால் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஒரு பாகம் கையில் வந்தால் எதை எதை அளக்க வேண்டும் என்று தாளில் இருக்கும். வரிசையாக அளந்து டிக் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் எனக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மளிகைக்கு ஒரு பட்டியல், ஊருக்குப் போனால் ஒரு பட்டியல், பிரசவத்துக்குப் போகும்போது பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வரியில் ஒரு பட்டியல்.

என் கணவர் என் சொந்த அத்தை மகன். கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. தங்கைக்குப் பையன் இருக்கிறான், அண்ணனுக்குப் பெண் இருக்கிறாள், பேசி முடித்துவிடுவார்கள். எனக்கும் சம்மதம்தான். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

குழந்தை பிறந்தபோதே அவளுடைய வலது கால் முட்டிக்குக் கீழே தோல் இல்லை. நர்ஸ் துடைத்த இடத்தில் தோல் எழும்பிக் கொப்புளமானது. தூக்கிய இடத்தில் விரல் அடையாளம் மாதிரி இன்னொரு கொப்புளம். வெளியே நின்ற அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கிம்மா இது. குயவர் வீட்டுக்குக் கொண்டுபோய் காவியில எழுதிட்டா மூணு நாள்ல அடங்கிடும்” என்றார். கொப்புளம் என்றாலே எங்கள் பக்கம் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அன்று மாலையே எங்களைப் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே தோல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நம் தோலின் மேலடுக்கையும் கீழடுக்கையும் பிடித்து வைத்திருக்க ஒரு புரதம் வேண்டும். இவளுக்கு அது உடம்பில் உருவாகவே இல்லை. அதனால் உரசினால் போதும், தோல் கழன்றுவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும்கூட. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று பெயர். பரம்பரையாக வருவது. இவளுக்கு வந்திருப்பது அதிலும் கடுமையான வகை. குணப்படுத்த மருந்து இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். “ஒரு சின்னத் துண்டு தோல், கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கறோம்மா. எந்த ஜீன்ல கோளாறுன்னு தெரிஞ்சுக்கணும். இந்தக் குழந்தைக்கு அதால பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அடுத்த குழந்தைக்கு ரொம்ப உதவும்.”

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. “இவ இங்க மூச்சு விட்டுக்கினு இருக்கா சார். நீங்க அடுத்த குழந்தையப் பத்திப் பேசுறீங்களா? உடம்பு முழுக்க புண்ணு. அதுல நீங்க வேற ஒரு புண்ணு வைக்கணுமா?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கணவர் என் தோளைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன். பரிசோதனை வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். உடனே போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபின் என் நாட்கள் ஒரு தாளுக்குள் அடங்கின. காலையில் வலி மருந்து. அரை மணி நேரம் கழித்துக் கட்டு பிரிப்பது. புதுக் கொப்புளங்களைச் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிப்பது, மேல்தோலைக் கிழிக்காமல் விடுவது. வாசலின் தடவிய மெல்லிய துணி, அதன்மேல் பஞ்சு, பிளாஸ்திரி கூடவே கூடாது. சட்டையின் தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போடுவது. தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காமல், அடியில் விரித்த ஸ்பாஞ்சோடு சேர்த்துத் தூக்குவது. கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெஷினில் கைவைத்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்கள் பட்டால் அவளுக்குக் கிழியும் என்று தெரிந்ததால் அவர் அவளைத் தொட்டதே இல்லை. விசிறி மட்டும் வீசுவார்.

பத்தாம் நாள் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. அதை வெள்ளித் தாயத்துக்குள் வைத்து, குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். அத்தை கடைத்தெருவுக்குப் போய்த் தாயத்து செய்யச் சொல்லி, கொடியை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவந்தார். ஆனால் கட்டுவது எப்படி? கயிறு பட்டால் இடுப்பு உரிந்துவிடும். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், குழந்தை படுத்திருந்த இடத்துக்கு மேலே ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, “இடுப்புல இல்லன்னா இன்னா, பக்கத்துல இருந்தா போதும்” என்றார்.

நாற்பத்து மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். அவள் பொருட்கள் பதினான்கு. துணிகள், ஸ்பாஞ்ச், பஞ்சு, கத்தரிக்கோல், கொசுவலை, மருந்துச் சீட்டுகள். பன்னிரண்டாவது வரி, தாயத்து. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்து, தென்பெண்ணையில் விட்டுவிட்டு வரச் சொன்னேன். எதுவும் கண்ணில் படாமல் இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்று நினைத்தேன். அவர் பைக்கில் போய்விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். “ஆச்சா?” என்றேன். “ஆச்சு” என்றார். பதினான்கு வரிக்கும் டிக் போட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து நான் மறுபடி கர்ப்பமானேன். திட்டமிட்டது இல்லை. தெரிந்தபோது ஆறு வாரம். ஓசூரில் பார்த்த பெண் டாக்டர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், பெங்களூரில் அதே பெரிய மருத்துவமனையில் ஜீன் பரிசோதனைக்கு ஆலோசனை சொல்லும் ஒரு மேடத்திடம் எழுதி அனுப்பினார். இந்தக் குழந்தைக்கும் அந்த நோய் இருக்கிறதா? எனக்கு வேறு கேள்வியே இல்லை. பதிலைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்தது சில வாரங்கள் மட்டுமே.

அந்த மேடம் கன்னடக்காரர். ஓசூர் ஆட்களிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ். ஒரு தாளில் நான்கு வட்டம் போட்டு விளக்கினார். எங்கள் இருவரிடமும் கோளாறான ஜீன் ஒவ்வொன்று, கூடவே நல்லது ஒவ்வொன்று இருக்கிறது. அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரிடமிருந்தும் கோளாறானதே குழந்தைக்குப் போனால்தான் நோய். நாலில் ஒன்று.

“முதல்ல ஒண்ணு அப்படி வந்தாச்சு. அப்ப இனிமே மூணு நல்லதாத்தான் வருமா மேடம்?” என்று கணவர் கேட்டார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

“இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணு. போன தடவ என்ன வந்துச்சுன்னு இதுக்குத் தெரியாது.”

எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அத்தையிடம் வீட்டுக்கு வந்து அந்த நான்கு வட்டத்தையும் நான் போட்டுக் காட்டினேன். “அப்ப என் ரத்தத்துலயும் அது இருக்குதா?” என்றார். இருக்கலாம், எங்கப்பாவிடமும் இருக்கலாம், உங்கள் இருவருக்கும் என் தாத்தா பாட்டியில் யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்றேன். அத்தை யோசித்தார். “சின்ன வயசுல ஒரு பர்பி வாங்கினாக்கூட உங்கப்பன் எனக்குப் பங்கு குடுத்ததில்ல. இத மட்டும் சமமா பங்கு போட்டுக்கினோமா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பின்கட்டில் அழுதார். “நான்தானே உன்னக் கேட்டு வந்தேன்” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாருடைய தப்பும் இல்லை என்று மேடம் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்குச் சொல்லும்போது கொஞ்சம் எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

பதினோராவது வாரம், அந்தச் சனிக்கிழமை காலை, ரத்த முடிவைக் கேட்க இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். மேடத்தின் முகம் தெளிவாக இல்லை.

“ஒரு சிக்கல்ம்மா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி ரெண்டு மாற்றம் இருக்கு. ரெண்டும் தோல் சம்பந்தப்பட்ட ஜீன்தான், ஆனா வேற வேற ஜீன். உறவில்லாத ரெண்டு பேரா இருந்தா இப்படி ஒத்துப்போகாது. நீங்க ஒரே குடும்பம், அதனால நிறைய ஒத்துப்போகுது. ஒண்ணு குற்றவாளி. இன்னொண்ணு சும்மா கூட நிக்கறது. எதுன்னு எங்களால சொல்ல முடியல.”

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இரண்டையுமே பார்த்துவிடலாமே என்றேன்.

“பாக்கலாம். ஒண்ணு மட்டும் ரெட்டையா, உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்துச்சுன்னா என்ன சொல்றது? அது குற்றவாளியா, சும்மா நிக்கறதான்னு தெரியாம நான் உங்களுக்கு என்ன பதில் குடுப்பேன்? முதல் குழந்தைகிட்ட கேட்டா அது சொல்லிடும். அதுக்கு எது ரெட்டையா இருந்துச்சோ அதுதான் குற்றவாளி. குழந்தையோட ஏதாவது இருக்கா? தோல் எடுத்தாங்களா?”

“இல்ல.”

“ரத்தம்?”

“இல்ல.”

“முடி?”

“மொட்டை போடல.”

என் வேலையில் நான் கேட்கும் கேள்விகள் மாதிரியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். தோல் டாக்டரிடம் நான் கத்தியது காதுக்குள் கேட்டது.

“கொடி? உங்க பக்கம் தாயத்துல போட்டு வைப்பாங்க இல்லையா? காஞ்ச கொடியில இருந்துகூடச் சில சமயம் எடுக்க முடியும்மா.”

நான் சொன்னேன், “இருந்துச்சு மேடம். நான்தான் ஆத்துல போடச் சொன்னேன்.”

கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் வேறு வழி யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் ஏறித் திரும்பினோம். அத்திபெலே தாண்டி ஜூஜுவாடி வந்ததும் வழக்கம்போல லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுவிட்டது. பத்து நிமிடம் நகரவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு கணவர் சொன்னார்.

“அது இருக்குது.”

“எது?”

“தாயத்து.”

நான் அவரையே பார்த்தேன். “ஆத்துல போட்டேன்னு சொன்னீங்களே மாமா?”

“துணியெல்லாம் போட்டேன். நீ ஆச்சான்னு கேட்ட, ஆச்சுன்னேன்.”

“எங்க இருக்குது?”

“கம்பெனியில, லாக்கர்ல. வீட்டுல வச்சா நீ கண்டுபிடிச்சிடுவ. பீரோவையே மாசத்துக்கு ஒரு தடவ ஆடிட் பண்றவ நீ.”

“மேடம் கேக்கும்போது ஏன் வாயத் திறக்கல?”

“குடுத்தா அரைச்சிடுவாங்க இல்ல?” என்றார். “நான் அவளத் தொட்டதே இல்ல. அவளோடதுன்னு என் கையில வச்சிக்கினு இருக்கறது அது ஒண்ணுதான்.”

அவள் இறந்த மறுவாரமே அவர் வேலைக்குப் போனதை நினைத்து, இவருக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று ஒன்றரை வருடமாக மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்கு முன்பும் பின்பும் அவர் அந்த லாக்கரைத் திறந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

பஸ்ஸிலிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். “திறக்காதீங்க! கையால தொட்டு எடுக்காதீங்க, மெழுகு அப்படியே இருக்கட்டும்” என்று அவர் கத்தியது பக்கத்து சீட்டுக்கே கேட்டிருக்கும். “லேப் நாலு மணி வரைக்கும்தான். திங்கக்கிழமைன்னா ரெண்டு நாள் போயிடும். இன்னைக்கே கொண்டுவர முடியுமா?” அப்போது மணி ஒன்றரை. டிரைவரிடம் சொல்லி அங்கேயே இறங்கினோம். கணவரின் கம்பெனி அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஐயா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவரைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“இன்னைக்கு நீ லீவு. உள்ள விட மாட்டேன் தம்பி.”

“அஞ்சு நிமிஷம்ண்ணா. லாக்கர்ல ஒண்ணு எடுக்கணும்.”

“அஞ்சு நிமிஷத்துல மேல ஒண்ணு விழுந்தா? சிஸ்டம்ல நீ ஆப்சென்ட். ஆப்சென்ட் ஆனவன் எப்படிய்யா உள்ள அடிபட்டான்னு என்னத்தான் கேப்பாங்க.”

விளக்கிச் சொல்லக் கணவரால் ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் போய், எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து போனதையும், இப்போது வயிற்றில் ஒன்று இருப்பதையும், லாக்கரில் என்ன இருக்கிறது என்பதையும் மூன்றே வாக்கியத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். உடனே இன்டர்காமை எடுத்து மெயின்டனன்ஸில் இருந்த கணவரின் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டார். கணவர் கேட் கம்பிக்கு நடுவே நண்பரிடம் சாவியைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த நண்பர் ஒரு பேரிங் டப்பாவோடு வந்தார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, மெஷின் துடைக்கும் புதுத் துணியில் சுற்றி, தாயத்து இருந்தது.

டப்பாவை வாங்கக் கை நீட்டினேன். செக்யூரிட்டி ஐயா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இரும்மா. வெளிய போற எந்தப் பொருளுக்கும் பாஸ் வேணும். வெள்ளி வேற. நாளைக்குக் கேமராவுல பாத்துட்டு இவனத்தான் கேப்பாங்க.”

கேட் பாஸ் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து எழுத ஆரம்பித்தார். வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார். “பொருள், வெள்ளித் தாயத்து. எண்ணிக்கை, ஒண்ணு. சொந்தப் பொருள். காரணம்... காரணம் இன்னா எழுதறது?”

“ஆஸ்பத்திரிக்குன்னு எழுதுங்கண்ணா” என்றார் கணவர்.

எழுதினார். கீழே இரண்டு கட்டம் இருந்தது. அதில் ஒன்றில் டிக் போட வேண்டும். பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “திரும்பி வருமா, வராதா?”

கணவர் டப்பாவைப் பார்த்தார். நான்தான், “வராதுண்ணா” என்றேன். டிக் போட்டார்.

அதோடு அவர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாங்கள் எங்கே, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று கேட்டார். உதிரிபாகம் எடுத்துவரப் பெங்களூர் கிளம்பிக்கொண்டிருந்த கம்பெனி வேனைக் கை காட்டி நிறுத்தினார். வெளியாட்களைக் கம்பெனி வண்டியில் ஏற்றக் கூடாது என்று எழுதிய போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. எங்களை முன்சீட்டில் ஏற்றிவிட்டு டிரைவரிடம், “ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி விடணும், சிக்னல்ல எறக்கி விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா நாளைக்கு வண்டி உள்ள வராது” என்றார். பிறகு என்னிடம் குனிந்து, “ரிஜிஸ்டர்ல உங்க பேர எழுதலம்மா. வயசாயிடுச்சு, மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க” என்றார். ஒரு தாயத்துக்குக் கார்பன் வைத்துப் பாஸ் எழுதிய அதே மனிதர்.

மூன்றேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடம் கையுறை போட்டுக்கொண்டு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். கணவர் கையை எடுக்கத் தாமதித்ததைக் கவனித்திருக்க வேண்டும். “முழுசும் வேண்டாம்ப்பா. ஒரு ஓரம் போதும். மீதிய இதே தாயத்துல வச்சு நானே உங்க கையில குடுக்கறேன்” என்றார். அப்போதுதான் கணவர் விட்டார்.

அடுத்து வந்த நாட்களில் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதின்மூன்றாவது வாரம் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் ஊசி விட்டு, குழந்தையை ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். வலி தாங்கக்கூடியதுதான். கரு கலைந்துவிடும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லித்தான் செய்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. அந்த வாரமே தாயத்தில் இருந்த கொடியின் முடிவும் வந்தது. காய்ந்து, பழசாகி, நிறைய சிதைந்திருந்தாலும், பார்க்க வேண்டிய இரண்டு இடங்களும் படிக்கக் கிடைத்தன. ஒன்று ரெட்டையாக இருந்தது. இன்னொன்று இல்லை. மூத்தவள் பதில் சொல்லிவிட்டாள்.

மீதி இருந்தது இளையதின் பதில். அதற்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தில், நோய் இருந்தால் என்ன செய்வது என்று நானும் கணவரும் பேசினோம். பட்டியல் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அவர்தான், “அந்த நாப்பத்து மூணு நாள நாம இன்னொரு தடவ தாங்கிடுவோம். இன்னொரு குழந்தைய அனுபவிக்க விட முடியாது” என்றார். எனக்கும் அதே முடிவுதான். கருவைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிற காலம்தான் அது. வேறு முடிவு எடுத்து, அப்படிப்பட்ட குழந்தையை மடியில் வைத்து வளர்க்கிறவர்களை அந்த மருத்துவமனையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களையும் நான் வணங்குகிறேன். யாருக்கும் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் அது.

முடிவு சொல்ல இருவரையும் சேர்ந்து வரச் சொன்னார்கள். உட்காரக்கூட இல்லை, மேடம் சொல்லிவிட்டார். “ஒண்ணே ஒண்ணுதான். உங்க ரெண்டு பேரு மாதிரியே. குழந்தைக்கு அந்த நோய் வராது.”

“இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்” என்றார் கணவர்.

மேடம் தமிழில் இன்னொரு முறை சொன்னார். பிறகு சந்தோஷத்தில் கன்னடத்திலும் எதையோ வேகமாகச் சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து தாயத்தை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே வரும்போது நான் தோல் பிரிவுக்குப் போய்க் காத்திருந்து அந்த டாக்டரைப் பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கத்தியதையும், கையெழுத்துப் போட்டு மறுத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னைக்கு நீங்க சொன்னதும் தப்பில்லம்மா. நான் அடுத்த குழந்தைய நினைச்சேன். நீங்க இருந்த குழந்தைய நினைச்சீங்க. யாராவது ஒருத்தர் அதையும் நினைக்கணும் இல்லையா?” என்றார். எனக்கு இருந்த பாரத்தை அவர் அவ்வளவு எளிதாக இறக்கிவைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இப்படி ஒரு குழந்தை உங்களுக்குப் பிறந்து, டாக்டர் ரத்தம் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டால், என்னைப் போல மறுக்காதீர்கள். எல்லோருக்கும் லாக்கரில் ஒரு தாயத்து இருக்காது.

இளையவளுக்கு இப்போது இரண்டரை வயது முடிந்துவிட்டது. இன்னும் மத்திகிரியில்தான் இருக்கிறோம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். போன மாதம் தெருவில் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, ஜல்லியில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அத்தை பதறினார். நானும் கணவரும் அவளை உட்கார வைத்துக் கழுவிவிட்டு, அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் பொருக்குக் கட்டியது. நாலாம் நாள் அரிக்கிறது என்று சொறிந்தாள். ஏழாம் நாள் பொருக்கு உதிர்ந்து, அடியில் வெளிறிய புதுத் தோல் தெரிந்தது. காய்த்த தன் பெருவிரலால் கணவர் அதைத் தடவிப் பார்த்தார். அவள், “கூசுதுப்பா” என்று சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஒரு குழந்தையின் காயம் ஆறுவதை இப்படி உட்கார்ந்து பார்ப்பது எங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அது நாற்பத்து மூன்று நாள் மட்டுமே இருந்து, தன் தங்கைக்காக ஒரு பதிலை விட்டுச் சென்றவளால்தான். என் பேச்சைக் கேட்காமல் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருந்த மனிதருக்கும் அவளுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை, இன்றுவரை எந்தத் தாளிலும் என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.